"படத்துல ஒண்ணும் இல்ல" என்று எழுதுவதற்கு முன்: சிறு பிள்ளைகளின் முழங்கை முறிவு பற்றி, புதிய டியூட்டி டாக்டருக்கு

"கொயந்தைக்கு உரம் வுயுந்துட்சி டாக்டரு. ரெண்டு தபா பொடவையில போட்டு உருட்டிப் பாத்தேன், எடுபடல."

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டிக்கு உட்காரப் போகிறீர்கள் என்றால், இதைக் கேட்காமல் உங்களுக்கு ஒரு வருடம் ஓடாது. கைக்குழந்தை விடாமல் அழுதால், கையையோ கழுத்தையோ அசைக்காமல் கிடந்தால், எங்கள் ஊர் ஆயாக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் உரம். பழைய புடவையின் இரண்டு முனையையும் இருவர் பிடித்துக்கொள்ள, நடுவில் பிள்ளையைக் கிடத்தி இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். பல பிள்ளைகள் அதோடு அழுகையை நிறுத்திவிடும். நிறுத்தாத பிள்ளைதான் நம்மிடம் வரும்.

நான் சொல்லும் குழந்தைக்குப் பத்து மாதம். குடியாத்தம் பக்கத்துக் கிராமம். வலது கை துணி மாதிரித் தொங்கியது. முழங்கை கொஞ்சம் உப்பியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தவர் ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எலும்பெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எலும்பு நன்றாகத்தான் இருந்தது. உடைந்தது எலும்பாக இன்னும் மாறாத குருத்து. மேற்கை எலும்பின் கீழ்முனை மொத்தமும் வளர்ச்சித் தட்டோடு (எலும்பு நீளும் குருத்து அடுக்கு) கழன்று உள்பக்கமாக நகர்ந்திருந்தது. குருத்தை எக்ஸ்ரே நேரடியாகக் காட்டாது, கையைப் பார்த்தும் மற்ற எலும்புகள் நகர்ந்த விதத்தை வைத்தும்தான் சந்தேகப்பட வேண்டும்.

சிறு பிள்ளை முழங்கையில் அரிதான முறிவுகள் பலவும் இந்த ஒரே வகையில்தான் நம்மை ஏமாற்றுகின்றன. 2010-ல் அமெரிக்கக் குழந்தை எலும்பு மருத்துவர்கள் சிலர் இவற்றையெல்லாம் ஒரு கூடையில் போட்டு "ட்ராஷ்" என்று பெயர் வைத்தார்கள். 'படத்தில் சாதுவாகத் தெரிந்தது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. சேர்த்துப் படித்தால் குப்பை என்று அர்த்தம். பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை இருந்திருக்கிறது, ஆனால் அந்தக் கூடையில் இருக்கும் எதையும் தவறவிட்டால் சிரிப்பு வராது.

ஆறு புள்ளிகள்

பிறந்த குழந்தையின் முழங்கையைப் படம் எடுத்தால் மேற்கை எலும்பு ஓரிடத்தில் முடிந்துவிடும். முன்கையின் இரண்டு எலும்புகளும் (கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா) சற்றுத் தள்ளித் தொடங்கும். நடுவில் வெறும் இருட்டு. அந்த இடம் காலி இல்லை. பனங்காய்க்குள் நுங்கு இருப்பது போல மூட்டு முழுசாக அங்கே இருக்கிறது. எக்ஸ்ரே அதைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போகிறது, அவ்வளவுதான்.

வயது ஏற ஏற அந்தக் குருத்துக்குள் ஆறு எலும்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைக்கும். கேபிடெல்லம் (மேற்கை எலும்பின் கீழ்முனையில் வெளிப்பக்க உருண்டை) ஒரு வயதில், ரேடியஸ் தலை (ரேடியஸின் முழங்கைப் பக்க முனை) மூன்றில், உள்பக்க எபிகாண்டைல் (மேற்கை எலும்பின் ஓரத்தில் துருத்தும் முனை) ஐந்தில், ட்ரோக்ளியா (கேபிடெல்லத்துக்கு உள்பக்கம், அல்னா பொருந்தும் இடம்) ஏழில், ஒலிக்ரேனான் (அல்னாவின் மேல்முனை, முழங்கையின் பின்முனை) ஒன்பதில், வெளிப்பக்க எபிகாண்டைல் பதினொன்றில். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையாக மனதில் போட்டுக்கொள்ளலாம். பெண் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடம் முந்தியே வரும். வயது முன்னே பின்னே போகலாம், ஆனால் வரிசை பெரும்பாலும் மாறாது. ட்ரோக்ளியா தெரிகிறது, அதற்கு முன்பே வந்திருக்க வேண்டிய உள்பக்க எபிகாண்டைலைக் காணோம் என்றால் அது எங்கேயோ போய்விட்டது என்று அர்த்தம். எங்கே போகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி எக்ஸ்ரே பார்க்கும் பெட்டியின் மேல் ஒட்டி வையுங்கள். பதினைந்து வருடம் கழித்தும் நான் அதைப் பார்க்கிறேன்.

முதல் பத்து நிமிடம்: முழங்கையைத் தொடாதீர்கள்

பிள்ளை அம்மா மடியிலேயே இருக்கட்டும். நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். ஒரு சாவிக்கொத்தை நீட்டுங்கள். எந்தக் கையால் வாங்குகிறது, எந்தக் கையை அடிவயிற்றோடு அணைத்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். சாவிக்குப் பதில் பிஸ்கட் நீட்டும் பழக்கம் பல பேருக்கு உண்டு. வேண்டாம். மயக்கம் கொடுக்க வேண்டிய பிள்ளையாக இருக்கலாம். முடிவு தெரியும் வரை வாய்க்கு ஒன்றும் இல்லை என்று அம்மாவிடமும், முக்கியமாக ஆயாவிடமும் சொல்லிவிடுங்கள். கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் வலி மருந்து. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். வாய்க்கு ஒன்றும் இல்லை என்றதால் ஆசனவாய் வழியாகக் கொடுக்கலாம். ஊசி என்றால் பத்துக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு அளவைத் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வலியோடு இருக்கும் பிள்ளையைப் பரிசோதித்தால் நமக்குக் கிடைப்பது அலறல் மட்டும்தான்.

பிறகு கையின் கீழ்ப்பகுதி. விரல்கள் ரோஸ் நிறமாகச் சூடாக இருக்கின்றனவா, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் ரத்தம் திரும்புகிறதா, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா? நாடி இல்லை, கை வெளுத்துச் சில்லிட்டிருக்கிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நரம்புகளைப் பார்க்க நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் கல், காகிதம், கத்தரி விளையாடுங்கள். கல் மாதிரி விரல்களை மடக்கினால் மீடியன் நரம்பு வேலை செய்கிறது. காகிதம் மாதிரி விரித்து மணிக்கட்டை நிமிர்த்தினால் ரேடியல். கத்தரி மாதிரி விரல்களை அகட்டினால் அல்னார். கடைசியில் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் வைத்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அந்த வட்டம் அமுங்கிப்போனால் மீடியனின் உள்கிளை அடிபட்டிருக்கிறது. எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். பார்த்ததை நேரத்தோடு எழுதிவையுங்கள். நாளை வேறொருவர் கம்பி போட்ட பிறகு நரம்பு வேலை செய்யவில்லை என்றால், அது முறிவால் வந்ததா, கம்பியால் வந்ததா என்று கண்டுபிடிக்க உங்கள் ஒரு வரிதான் ஆதாரம்.

இப்போது முழங்கை. வீக்கம் எந்தப் பக்கம்? உள்பக்கமா, வெளிப்பக்கமா, சுற்றிலுமா? ஒரே விரலால், வலி இருக்காது என்று தோன்றும் இடத்திலிருந்து ஆரம்பித்து மெல்ல அழுத்திப் போங்கள். தோள், கழுத்துப்பட்டை எலும்பு, மணிக்கட்டு எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலோடு முழங்கை வீங்கிய கைக்குழந்தைக்கு மூட்டுக்குள் சீழ் இருக்கலாம். அதுவும் அவசரம்தான், ஆனால் வேறு பாதை.

இழுபட்ட முழங்கையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது அதுதான். ஒன்று முதல் நான்கு வயது, பஸ் ஏற்றும்போது அப்பா கையைப் பிடித்துத் தூக்கினார், அதிலிருந்து கையை அசைக்கவில்லை, வீக்கம் இல்லை, விழவும் இல்லை. இந்த நான்கும் பொருந்தினால் படம் தேவையில்லை. ரேடியஸ் தலையின் மேல் கட்டைவிரலை வைத்து, முன்கையை உள்ளங்கை கீழே பார்க்கும்படி நன்றாகத் திருப்புங்கள். ஒரு சின்ன 'க்ளிக்'. கால் மணி நேரத்தில் அதே கையால் சாவிக்கொத்தை வாங்கும். பெற்றோர் உங்களை மந்திரவாதி மாதிரி பார்ப்பார்கள், அனுபவியுங்கள். ஆனால் விழுந்த கதை இருந்தால், துளி வீக்கம் இருந்தால், இரண்டு முறை திருப்பியும் சரியாகவில்லை என்றால் கையை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். முறிந்த கையைத் திருகிக்கொண்டே இருப்பது உரம் எடுப்பதைவிட மோசம்.

படத்தைக் கேட்பதும் பார்ப்பதும்

சீட்டில் "கை எக்ஸ்ரே" என்று எழுதினால் தோளிலிருந்து விரல் வரை ஒரே படத்தில் சாய்வாக வரும், உபயோகமில்லை. முழங்கை, நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் என்று எழுதுங்கள். பிள்ளை கையை நீட்டவில்லை என்றால் நீட்ட வைக்காதீர்கள். மேற்கையின் கீழ்முனையை மட்டும் தட்டில் படுக்க வைத்து நேர்ப்படம் எடுக்கச் சொல்லலாம். பக்கவாட்டுப் படம் சரியாக அமையவில்லை என்றால் அடுத்து நான் சொல்வது எதுவும் உதவாது. திருப்பி எடுக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். எக்ஸ்ரே அறையில் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பக்கவாட்டுப் படத்தில் ஸ்கேலை எடுங்கள். மேற்கை எலும்பின் முன்விளிம்பை ஒட்டி ஒரு கோடு. அது கேபிடெல்லத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் போக வேண்டும். மிகச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்பக்கமாகப் போகலாம். கேபிடெல்லம் மொத்தமும் கோட்டுக்குப் பின்னால் கிடந்தால் எலும்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. அடுத்த கோடு ரேடியஸ் கழுத்தின் நடுவழியே. அது நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் என்று எந்தப் படத்திலும் கேபிடெல்லத்துக்குள் போய் முடிய வேண்டும். ஒரு படத்தில் தவறினாலும் தவறியதுதான்.

அப்புறம் கொழுப்பு நிழல். மூட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறது. உள்ளே ரத்தம் கட்டினால் அது வெளியே தள்ளப்பட்டு எலும்பின் ஓரத்தில் கருப்பாகத் தெரியும். முன்பக்கம் மெல்லிய கீற்றாக இருப்பது இயல்பு, பாய்மரம் மாதிரி தூக்கிக்கொண்டிருந்தால் இல்லை. பின்பக்கம் தெரியவே கூடாது. எலும்பில் கோடே காணாமல் பின்பக்க நிழல் மட்டும் தெரிந்த 45 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில் 34 பேருக்கு முறிவு இருந்தது பின்னால் தெரியவந்ததாக 1999-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதனால் பின்பக்க நிழல் தெரிந்தால் முறிவு என்றே வைத்துக் கட்டுப் போடுங்கள். நிழல் இல்லை என்பதற்காக நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். மூட்டுறை கிழிந்திருந்தால் ரத்தம் வெளியே கசிந்துவிடும், நிழல் வராது.

குழப்பமாக இருந்தால் அடிபடாத கையையும் அதே நிலையில் ஒரு படம் எடுங்கள். தேவையில்லாத கதிர்வீச்சு என்று சில பெரியவர்கள் திட்டுவார்கள். அனுபவம் உள்ளவருக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் ராத்திரி இரண்டு மணிக்குத் தேவைதான்.

ஏமாற்றும் முறிவுகள்

மேற்கை எலும்பின் கீழ்முனையில் காண்டைல்களுக்கு (மூட்டைத் தாங்கும் இரு பக்கப் பகுதிகள்) சற்று மேலே வரும் முறிவைப் பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. பிள்ளைகளின் முழங்கை முறிவுகளில் பாதிக்கு மேல் அதுதான், எல்லாப் பாடப்புத்தகத்திலும் பக்கம் பக்கமாக இருக்கிறது. மாமரத்திலிருந்து விழுந்த ஆறு வயதுப் பையன் வந்தாலே நினைவுக்கு வந்துவிடும். வராதவை இவை.

கீழ்முனை மொத்தமாகக் கழல்வது. பத்து மாதக் குழந்தைக்கு வந்தது. பெரும்பாலும் மூன்று வயதுக்குள். கஷ்டப்பட்ட பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கும் வரும், சிசேரியனிலும் வரும். பிறந்த குழந்தை கையை அசைக்கவில்லை என்றால் எல்லோரும் தோள் நரம்பு இழுபட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முழங்கை வீங்கியிருக்கிறதா, தொட்டால் அழுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். படத்தில் முழங்கை மூட்டு விலகியது போலத் தெரியும். இந்த வயதில் மூட்டு விலகல் மிக மிக அரிது. குருத்துதான் முதலில் பிய்யும். முன்கை எலும்புகள் இரண்டும் சேர்ந்து உள்பக்கம் நகர்ந்திருக்கும். கேபிடெல்லம் புள்ளி தெரிந்தால் அது ரேடியஸோடு கோடு மாறாமல் கூடவே போயிருக்கும். உண்மையான விலகலில் ரேடியஸ் அந்தப் புள்ளியை விட்டுவிட்டுப் பெரும்பாலும் வெளிப்பக்கம் போகும். கையில் பிடிக்கும்போது ஈரத்துணிக்குள் ரப்பரைத் தேய்த்தாற்போல மந்தமான ஒரு நெருடல் தட்டுப்படலாம். தானாகத் தெரிந்தால் சரி, அதைத் தேடி அசைக்காதீர்கள். சந்தேகம் என்றால் அல்ட்ராசவுண்ட் கேளுங்கள். வளைகாப்புக்கு முன் வயிற்றைப் பார்க்கும் அதே மெஷின் குருத்தை அழகாகக் காட்டும், மயக்கமும் வேண்டாம், கதிர்வீச்சும் இல்லை.

இந்த முறிவில் இன்னொன்றும் இருக்கிறது, எழுதச் சங்கடமானது. பிரசவத்தில் வருவதை விட்டால், நடக்காத குழந்தைக்கு இது வந்தால், கையை யாராவது வலுவாக இழுத்தோ முறுக்கியோ இருக்கலாம். அந்தக் குடும்பத்தில், நான்கு வயது அண்ணன் தூளியிலிருந்து கையைப் பிடித்து இழுத்தான் என்றார்கள். இருக்கலாம். இருந்தாலும் குழந்தையை அட்மிட் செய்து, குழந்தைகள் டாக்டரைக் கூப்பிட்டு, உடம்பு முழுக்கப் படம் எடுத்தோம். வேறு பழைய முறிவோ காயமோ இல்லை. குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். "எல்லாக் கைக்குழந்தைக்கும் இப்படித்தான் பார்ப்போம்" என்று சொல்லுங்கள், அப்படியே எல்லோருக்கும் செய்யுங்கள். கதையும் காயமும் பொருந்தவில்லை என்றால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098.

அடுத்தது உள்பக்க காண்டைல். இதில் நான் சறுக்கியிருக்கிறேன். ஆறு வயதுப் பையன், பள்ளிக்கூடத் திண்ணையிலிருந்து விழுந்தான். உள்பக்கம் நல்ல வீக்கம். படத்தில் உள்பக்க எபிகாண்டைல் புள்ளி லேசாக நகர்ந்திருந்தது, பக்கத்தில் நகத்துணுக்கு அளவில் ஒரு எலும்புச் சீவல். எபிகாண்டைல்தான், கட்டுப் போட்டால் கூடிவிடும் என்று அனுப்பினேன். மூன்றாவது மாதம் அவன் அப்பா கூட்டிவந்தபோது முழங்கை பாதிதான் மடங்கியது. அந்தச் சீவலோடு சேர்ந்து உடைந்திருந்தது ட்ரோக்ளியாவைச் சுமக்கும் மொத்தக் குருத்து. ஆறு வயதில் ட்ரோக்ளியா எலும்பாகவில்லை, அதனால் படத்தில் ஒன்றும் இல்லை. பழைய படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பின்பக்கக் கொழுப்பு நிழல் தெளிவாக இருந்தது. எபிகாண்டைல் மூட்டுக்கு வெளியே இருக்கும் எலும்பு. அது மட்டும் உடைந்தால் மூட்டுக்குள் ரத்தம் கட்டாது. நிழல் இருந்தது, நான் பார்க்கவில்லை. ஏழெட்டு வயதுக்குள் உள்பக்க வீக்கம், எலும்புச் சீவல், கொழுப்பு நிழல் மூன்றும் சேர்ந்தால் காண்டைல் என்றே நினைத்து அனுப்பிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தோ, மூட்டுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தோ பார்ப்பார்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தால் திறந்து சரிசெய்து கம்பி போட வேண்டும்.

வெளிப்பக்க காண்டைல் அரிது இல்லை, ஆனால் குணம் அதேதான். படத்தில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் தெரியும், நேர்ப்படத்தில் அதுவும் தெரியாது. கையைச் சற்று உள்நோக்கித் திருப்பி ஒரு சாய்வுப் படம் எடுத்தால் இடைவெளி சட்டென்று தெரியும். கூடாமல் விட்டால் முழங்கை வெளிப்பக்கம் வளைந்துகொண்டே போகும். பல வருடம் கழித்து, ஆள் வேலைக்குப் போகும் வயதில், சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று வருவார். ஷூ கம்பெனியில் தோல் தைக்கும் ஒருவர் ஊசி பிடிக்க முடியவில்லை என்று வந்தார். சிறுவயதில் கையில் அடிபட்டதே அவருக்கு மறந்திருந்தது.

காணாமல் போன எபிகாண்டைல் எங்கே போகும் என்றேனே, மூட்டுக்குள். முழங்கை விலகும்போது தசை அதைப் பிய்த்து எடுக்கும், மூட்டு திரும்ப உட்காரும்போது நடுவில் மாட்டிக்கொள்ளும். சற்றுப் பெரிய பிள்ளைகளிடம் பார்ப்போம். விலகிய முழங்கையைப் பொருத்திய பிறகு எடுக்கும் படத்தில் எபிகாண்டைல் தன் இடத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். உள்ளே இருப்பதை ட்ரோக்ளியா என்று நினைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அங்கேதான் அந்த வரிசை அட்டை கைகொடுக்கும்.

கடைசியாக மாண்டேஜியா. முன்கையில் அல்னா உடைந்து, மேலே ரேடியஸ் தலை இடம் விட்டு நழுவியிருப்பது. மிலான் நகர அறுவை மருத்துவர் மாண்டேஜியா இதை எழுதியது 1814-ல். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895-ல். எண்பத்தோரு வருடம் முந்தியே, படம் இல்லாமல், கண்ணையும் விரலையும் வைத்து ஒருவர் கண்டுபிடித்ததை நாம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவறவிடுகிறோம். காரணம் எளிது. உடைந்த இடம் கண்ணைப் பறித்துவிடும், முழங்கைப் பக்கம் பார்வை போகாது. முன்கை முறிவு என்றால் மணிக்கட்டும் முழங்கையும் படத்துக்குள் வர வேண்டும், ரேடியஸ் கோடு போட வேண்டும். சின்னப் பிள்ளைகளின் அல்னா சில சமயம் உடையவே உடையாது, பச்சை மூங்கில் மாதிரி வளைந்து நிற்கும். பக்கவாட்டுப் படத்தில் அல்னாவின் பின்விளிம்பில் ஸ்கேலை வையுங்கள், நேராக ஒட்ட வேண்டும். உடனே கண்டுபிடித்தால் பெரும்பாலும் அல்னாவை நிமிர்த்தி மாவுக்கட்டுப் போட்டாலே ரேடியஸ் தலை தானாக உட்கார்ந்துவிடும். ஒரு மாதம் தாண்டிவிட்டால் அல்னாவை வெட்டித் திருத்தும் பெரிய ஆபரேஷன்.

ரேடியஸ் கழுத்து முறிவில் சாய்வு 30 பாகைக்குள் என்றால் பொதுவாகக் கட்டே போதும். அதற்கு மேல் என்றால் அனுப்புங்கள்.

கட்டும் வழியனுப்பும்

முதல் ராத்திரி முழு மாவுக்கட்டு வேண்டாம். பின்பக்கம் மட்டும் ஸ்லாப் (அரை மாவுக்கட்டு), அக்குளுக்குச் சற்றுக் கீழிருந்து விரல் முட்டி வரை, தாராளமாகப் பஞ்சு வைத்து. வீங்கிய முழங்கையைத் தொண்ணூறு பாகைக்கு மடக்கினால் ரத்த ஓட்டம் நெருக்கும். முப்பது நாற்பது பாகையோடு விடுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். கட்டிய பிறகு நாடியையும் விரல்களையும் மறுபடி பார்த்து மறுபடி எழுதுங்கள். தலையணை வைத்துக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

வடாற்காட்டில் எலும்பு முறிவு என்றாலே பலருக்கு நினைவு வருவது எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் இருக்கும் புத்தூர். அந்தப் பெயரைப் போர்டில் எழுதி நாட்டு வைத்தியர்கள் ஊருக்கு ஊர் கட்டுப் போடுகிறார்கள். எங்கேயோ கட்டிக்கொண்டு மூங்கில் பத்தையோடு வரும் பிள்ளையைப் பார்த்ததும் அம்மாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை நம்மிடம் வர மாட்டார். முதலில் கட்டை அவிழுங்கள். அவர் போட்டதோ நாம் போட்டதோ, கட்டுக்குள் கை வீங்கினால் நடப்பது ஒன்றுதான்: தசைக்கு ரத்தம் நின்றுபோகும். 1881-ல் ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் விவரித்த அந்தச் சுருங்கிய கை, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிப்போனது, இன்றும் வருகிறது. பெரியவர்கள் வலிக்கிறது என்பார்கள். பிள்ளை நிலைகொள்ளாமல் தவிக்கும், நை நை என்று அழும், மருந்து கொடுத்தும் அடங்காது, விரலை மெல்ல நிமிர்த்தினால் துடிக்கும். நாடி இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்; கடைசி வரை நாடி இருக்கலாம். கட்டு, பஞ்சு எல்லாவற்றையும் தோல் தெரியும் வரை வெட்டித் திறந்துவிட்டு உடனே அனுப்புங்கள்.

எங்கே அனுப்புவது? அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதிர்ஷ்டசாலிகள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் குடும்பத்துக்கு அதுவே தொலைவு என்பதை மறக்காமல், அனுப்பும் முன் போன் செய்து சொல்லிவிடுங்கள். ரேஷன் கார்டும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அப்பா வேலையிலிருந்து வந்து அட்டையோடு சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். சீட்டில் "முழங்கை முறிவு, மேல்சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதினால் அங்கே எல்லாம் மறுபடி ஆரம்பத்திலிருந்து. இப்படி எழுதலாம்: "10 மாதம், வலது முழங்கை. அடிபட்டது மாலை 6 மணி. கீழ்முனை கழன்ற சந்தேகம். நாடி உண்டு, விரல் அசைவு உண்டு, இரவு 9 மணி. ஸ்லாப் போட்டது 9.30, பிறகும் நாடி உண்டு. கடைசியாகப் பால் 7 மணி. பாராசிட்டமால் 9 மணி."

அங்கே என்ன செய்வார்கள் என்று குடும்பம் உங்களிடம்தான் கேட்கும், தெரிந்துவைத்திருங்கள். பிறந்த குழந்தை என்றால் பெரும்பாலும் மென்மையான கட்டோடு கையை மார்போடு அணைத்து இரண்டு மூன்று வாரம், அவ்வளவுதான். சற்றுப் பெரிய குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, மூட்டுக்குள் மருந்து செலுத்தி, குருத்து எங்கே இருக்கிறது என்று திரையில் பார்த்து, பொருத்தி, தோல் வழியாகத் தீக்குச்சியைவிட மெலிந்த கம்பி இரண்டு. "கம்பி" என்றதும் ஆயா நெஞ்சில் கை வைப்பார். மூன்று நான்கு வாரத்தில் ஓ.பி.யிலேயே உருவிவிடுவார்கள், உள்ளே எதுவும் நிற்காது என்று சொல்லுங்கள். பத்து நாள் கழித்துத் தாமதமாக வந்த குழந்தையைச் சில சமயம் அப்படியே விட்டுவிடுவார்கள். அதற்குள் புது எலும்பு ஊற ஆரம்பித்திருக்கும், பலவந்தமாகத் திருப்பினால் வளர்ச்சித் தட்டு கெடும். வளைவு மிஞ்சினால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். அது அலட்சியம் இல்லை என்பதையும் குடும்பத்துக்கு நீங்களே விளக்க வேண்டியிருக்கும்.

பிறகு

படத்தில் ஒன்றும் இல்லாமல் வலி மட்டும் இருக்கும் பிள்ளைக்கு ஸ்லாப் போட்டு, ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி படம். முறிவு இருந்திருந்தால் அப்போது ஓரத்தில் வெள்ளையாகப் புது எலும்பு தெரியும். நகராத வெளிப்பக்க காண்டைலுக்கு முதல் மூன்று வாரமும் வாரம் ஒரு படம். கட்டுக்குள்ளேயே நகரும் குணம் அதற்கு உண்டு. "வலி இருந்தா வாங்க" என்று அனுப்பாதீர்கள். தேதி எழுதிக் கொடுங்கள். சந்தை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, எப்படியும் ஊருக்குள் வருவார்கள்.

கட்டுப் பிரித்ததும் முழங்கை விறைப்பாக இருக்கும். எண்ணெய் போட்டு நீவலாமா என்று கேட்பார்கள். கூடாது. நீவி, இழுத்து, மடக்கினால் தசைக்குள் எலும்பு கட்டி நிரந்தரமாக விறைத்துப்போகும். மணல் வாளி தூக்க வைப்பதும் அதேதான். விளையாட விடுங்கள், அதுவே போதும். முழுசாக நீள சில வாரமாகலாம், சில மாதமும் ஆகலாம். எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கச் சொல்வேன், ஆயாவும் சிரித்துவிடுவார்.

மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஐந்தில் நான்கு பங்கு தோள்பக்கம் நடக்கிறது. முழங்கைப் பக்கம் ஒரு பங்குதான். அதனால் இங்கே மிஞ்சும் பக்கவாட்டு வளைவு வளர வளரச் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது. வருடக்கணக்கில் பார்க்க வேண்டும்.

அந்தப் பத்து மாதக் குழந்தைக்கு அங்கே இரண்டு கம்பி போட்டு, மூன்றாம் வாரம் எடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து ஆயா இடுப்பில் உட்கார்ந்து வந்தது. சாவிக்கொத்தை உயரத் தூக்கிக் காட்டினேன். இரண்டு கையையும் நீட்டியது. வலது முழங்கை இடதைவிட ஒரு பொட்டு உள்வாங்கி இருந்தது. இரண்டு பக்கமும் கோணம் அளந்து, சீட்டில் எழுதி, ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை போட்டுக் கொடுத்தேன்.